ஓடிபி வந்திருக்கா?

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. நேற்றுத் துவைத்தது இன்னும் ஈரம். ஆபீசுக்கு அரை நாள் லீவு, கேஸ் வரும் நாள்.

பதினோரு மணிக்கு சிலிண்டர்காரர். இரண்டு மாடி தோளில் சுமந்து ஏறி, சொட்டச் சொட்ட வாசலில்: ‘யக்கா, ஓடிபி சொல்லு, சீக்கிரம்.’ அந்த நாலு எண்ணைச் சொன்னால்தான் சிலிண்டர் உள்ளே வரும். அந்த எண் வந்து சேருவது என் போனுக்கு இல்லை, பாரிவாக்கத்தில் தனி அறை எடுத்துத் தங்கியிருக்கும் செந்திலின் போனுக்கு. ஊரைக் கேட்டால் இன்னும் என் கணவர்.

கூப்பிட்டேன். மூன்றாவது ரிங்கில் எடுத்தார்.

‘ஓடிபி வந்திருக்கா?’

‘இரு, பாத்துச் சொல்லுதேன்.’ கொஞ்சம் இடைவெளி. பின்னால் அவர் வேலை பார்க்கும் குடோனில் யாரோ கத்தும் சத்தம். பிறகு நாலு எண், இரண்டிரண்டாக, நிறுத்தி.

‘ஆச்சா?’ ‘ஆச்சு.’ ‘சரி.’ ‘சரி.’

பதினெட்டு நொடி. போனே காட்டுகிறது.

கீழ்வீட்டு கஸ்தூரி அக்கா படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தக் கோவில்பதாகையிலேயே பிறந்து வளர்ந்தவர், ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர், வாய்க்குப் பூட்டே கிடையாது. ‘இன்னா கோமதி, புருசன் கொரல கேக்கணும்னா கேஸ் தீரணுமா? ரெண்டு அடுப்பயும் பத்த வெச்சி உடு, சீக்கிரம் தீந்துபூடும்’ என்றார்.

சிரித்தேன். கதவைச் சாத்திய பிறகு சிரிப்பு நிற்கவில்லை, அழுகையாகிவிட்டது. கால் மணி நேரம். பிறகு ரசம் வைத்தேன். உப்பு மறந்தேன்.

இந்த வருடம் செ.வைக் கூப்பிட்டவை:
கேஸ் – ஐந்து தடவை.
ஆதார் நகல் – இரண்டு.
பி.எஃப். – ஒன்று.
ரேஷன் கார்டில் முகவரி – ஒன்று.
சும்மா – இல்லை.

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. ஆவடி மார்க்கெட்டில் முட்டை, கொத்தமல்லி, பேனா ரீஃபில் வாங்க இறங்கினேன். ரீஃபிலை மறந்தேன்.

பரீட்சை 23, ஞாயிறு. அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. உளவியல், முப்பத்தொன்பது வயதில். கம்பெனியில் யாருக்கும் சொல்லவில்லை. வருகைப் பதிவு பார்க்கிறவள் உளவியல் படிக்கிறாள் என்றால் போதும், லீவு கேட்டு வருகிற ஒவ்வொருவனும் மனசு சரியில்லை என்பான்.

இன்று படித்தது. என் வார்த்தையில்:

குறுகிய கால நினைவு: இப்போது காதில் விழுந்ததைச் சில நொடி பிடித்து வைக்கிற இடம். ரொம்பச் சின்ன இடம். முன்பு ஏழு பொருள் கொள்ளும் என்றார்கள். இப்போது, கொத்தாகச் சேர்க்க முடியாமல் போனால் நாலுதான் என்கிறவர்கள் அதிகம். திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தால் நிற்கும். விட்டால் போகும்.

கொத்து: தனித்தனி எண்களை இரண்டு மூன்றாகச் சேர்த்தால் ஒரு கொத்து ஒரு பொருளாகிவிடும். இடம் மிச்சம். செ. எண்களை இரண்டிரண்டாகச் சொல்வது இதனால்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை அவருக்கு. குடோனில் பெட்டி நம்பர் சொல்லிப் பழகியவர்.

கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த வருடம் என் போனில் அப்பா பேரில் வாங்கின சிம். ‘எல்லாத்துக்கும் என் நம்பரையே போட்டுரு கோமு, ஒரே எடத்துல இருக்கட்டும்’ என்றார் செ. போட்டேன். பதினோரு வருடம் ஒரே இடத்தில்தான் இருந்தோம். பிறகு அவர் போனார், நம்பர் என்னோடு நின்றுவிட்டது. கேஸ், ஆதார், பி.எஃப்., எல்லாவற்றிலும் அவர். என்னை நான்தான் என்று அரசாங்கத்துக்குச் சொல்ல அவர் வாய் வேண்டும்.

பதினான்கு மாதம். வழக்கு இல்லை, வக்கீல் இல்லை, ஒருத்தர் மேல் ஒருத்தருக்குக் குற்றப்பத்திரிகையும் இல்லை. பேச்சு மட்டும் இல்லை.

நவம்பர் 6, வியாழன்

வெட்கக்கேடு. எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஆதார் நகல் தரவிறக்கம் செய்யப் போட்டேன். எதற்கு? எதற்கும் இல்லை. வீட்டில் ஏற்கெனவே மூன்று நகல், ஒன்று லேமினேஷன் போட்டது.

‘ஓடிபி வந்திருக்கா?’

‘வந்திருக்கு.’ ஆறு எண். இரண்டு, இரண்டு, இரண்டு.

வேண்டுமென்றே கடைசி எண்ணை மாற்றிப் போட்டேன். தப்பு என்றது. ‘தப்புன்னு வருதுங்க. இன்னொண்ணு வரும், பாருங்க.’

‘சரி, இரு.’

இருந்தேன். அடுத்த ஓடிபி வரும் வரை அவர் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. நாற்பது நொடி இருக்கும். அந்தப் பக்கம் டீ குடிக்கிற சத்தம். உறிஞ்சித்தான் குடிப்பார், எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், மனுஷர் மாதிரி குடியுங்கள் என்று. இன்று அந்த உறிஞ்சலைக் கேட்கப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். எனக்கு இந்த ஆள் வேண்டும். சட்டை காலரில் அழுக்கு, உறிஞ்சுகிற டீ, எல்லாவற்றோடும் வேண்டும்.

இரண்டாவதையும் தப்பாகப் போட்டேன். மூன்றாவது சரி.

‘உனக்கு என்ன, ஆறு எண்ணு நிக்க மாட்டேங்குதா? ஆயிரம் பேர் டோக்கன் நம்பர் மனப்பாடமா வச்சிருப்பியே’ என்றார்.

‘வயசாகுது’ என்றேன்.

‘சரி.’ ‘சரி.’

இரண்டு நிமிடம் பதினொரு நொடி. இந்த வருடத்தில் இதுதான் நீளம்.

நவம்பர் 9, ஞாயிறு

வகுப்பு, திருமுல்லைவாயலில். மின்விசிறி ஒன்றுதான் ஓடியது. மேடம் என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஆனால் வெளுத்து வாங்குகிறார்.

பன்னிரண்டு மளிகைச் சாமான் வாசித்தார். எழுதச் சொன்னார். எல்லாரும் முதல் மூன்றும் கடைசி மூன்றும் சரியாக எழுதியிருந்தோம். நடுவில் இருந்த கடுகும் பெருங்காயமும் ஒருவருக்கும் இல்லை. ‘முதல்ல வந்ததை நிறைய தடவை சொல்லிப் பார்த்திருப்பீங்க, அது உள்ளே போயிடுச்சு. கடைசியா வந்தது இன்னும் காதுலயே இருக்கு. நடுவுல வந்தது பாவம்’ என்றார்.

அடுத்தது: எண்களைக் கேட்டுக்கொண்டே வாயால் தா தா தா என்று சொல்லவேண்டும். பிறகு எண்களைச் சொல்லவேண்டும். வகுப்பே பஜனை மடம் போல் ஆனது. ஒருவருக்கும் நாலுக்கு மேல் நிற்கவில்லை. எண்ணைப் பிடித்து வைப்பது உள்ளுக்குள் ஓடும் பேச்சு. வாய்க்கு வேறு வேலை கொடுத்தால் அந்தப் பேச்சு ஓடாது.

குறிப்பு. செயல்படு நினைவு என்றால் வெறுமனே வைத்திருப்பது இல்லை, வைத்துக்கொண்டே வேலை பார்ப்பது. மனக்கணக்கு போடுகிற மாதிரி. அதில்: ஒலியைப் பிடிக்க ஓர் உள்பேச்சு. உருவத்தையும் இடத்தையும் பிடிக்க ஒரு பலகை. இரண்டையும் பழைய நினைவையும் சேர்த்துக் கோக்க ஓர் இடம். மேலே ஒரு மேற்பார்வையாளர், எதைக் கவனிப்பது எதை விடுவது என்று முடிவு செய்ய. அவருக்குச் சொந்தமாக அலமாரி கிடையாது, கவனம் மட்டும்தான். எங்கள் கம்பெனி சூப்பர்வைசருக்கு அதுவும் கிடையாது.

மேடம் கடைசியில் சொன்ன ஒன்றில்தான் நான் உட்கார்ந்த இடத்திலேயே கல்லாகிவிட்டேன். காதில் விழுந்த கடைசிச் சொற்கள், கவனிக்காமல் இருந்தாலும், சில நொடி எதிரொலியாக நிற்குமாம். கேட்காதவர்கூட அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிடலாம்.

எங்கள் கடைசிச் சண்டை அதுதான். போன வருடம் ஆவணி மாதம், சாயங்காலம். நான் கம்பெனியில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், படிக்க ஆசை என்று சொல்கிறேன், இவர் போனைப் பார்க்கிறார். ‘நான் கடைசியா என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்!’ என்றேன். தலையைத் தூக்காமல் என் கடைசி வாக்கியத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தார். ஒப்பித்ததில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. கேட்கவில்லை என்று தெரியும், நிரூபிக்க வழியில்லை. சுவரோடு பேசியிருக்கலாம், சுவராவது திருப்பிச் சொல்லாது என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன். மறுநாள் பை எடுத்துக்கொண்டு போனார்.

பதினான்கு மாதம் கழித்து என் பக்கத்துக்கு ஆதாரம் கிடைத்திருக்கிறது, பாடப்புத்தகத்திலேயே. ஜெயித்துவிட்டேன். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் ஜெயித்த சந்தோஷம் துளிகூட இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

மேகமூட்டம். மாலை ஆறரை. போன் அடித்தது. செ.

அவராகக் கூப்பிட்டது பதினான்கு மாதத்தில் முதல் தடவை. கை ஈரம், துடைக்கக்கூட இல்லை, எடுத்தேன்.

‘கோமு, நான் வேலைய விட்டுட்டேன். ஓசூர்ல ஒரு எடத்துல கெடச்சிருக்கு, திங்கக்கெழம சேரணும். இந்த நம்பர் கம்பெனி நம்பர்லா, போனு, சிம்மு ரெண்டையும் வெள்ளிக்கெழம ஒப்படைக்கணும். அதுக்குள்ள உன் சோலி எல்லாத்துலயும் நம்பரை மாத்திக்கோ. பிறவு கஷ்டப்படுவே.’

‘சரி’ என்றேன். என் வாய் இருக்கிறதே.

‘எல்லாத்துலயும் மாத்திக்கோ’ என்றார் மறுபடி.

வைத்துவிடுவார் என்று தெரிந்து, எதையாவது பிடிக்கவேண்டும் என்று, எதைப் பிடித்தேன்? சண்டையை. ‘அன்னிக்கு நீங்க ஒப்பிச்சீங்களே, அது கேட்டு சொன்னதில்லை. காதுல தானா நிக்குமாம். புஸ்தகத்துல இருக்கு.’

‘ஆமா. கேக்கல’ என்றார். சண்டை போடவில்லை. ஒப்புக்கொண்டார். அதற்கு நான் தயாராக இல்லை.

‘நான் உன்ட்ட ஒண்ணு கேக்கட்டா? அன்னிக்கு நான் வீட்டுக்குள்ள வந்ததும் மொதல்ல என்ன சொன்னேன்?’

யோசித்தேன். செருப்பு கழற்றியது ஞாபகம் இருக்கிறது. பை வைத்தது. வாய் அசைந்தது. சொல் இல்லை.

‘தெரியலை.’

‘“கோமு, செத்த நேரம் பக்கத்துல உக்காரு”ன்னு சொன்னேன். அன்னிக்குத்தான் எங்க செக்‌ஷன்ல பாதிப் பேர வேலைய விட்டு அனுப்பிட்டான். நீ அடுப்புல பாலு இருக்குன்னு போயிட்டே. வரும்போது உன் ஆபீஸ் கதையோட வந்தே.’

அப்போதுதான் ஈரக் கையைத் துடைத்தேன்.

‘தப்புன்னு சொல்லல. சும்மா சொன்னேன். வைக்கேன்.’

வைத்துவிட்டார். புது நம்பர் என்ன என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

பால். பாலுக்காகப் போனேன். அந்தப் பாலை யார் குடித்தார்கள் என்றுகூடத் தெரியவில்லை.

நவம்பர் 12, புதன்

தூக்கம் சரியில்லை. ஆபீசில் இரண்டு பேருக்கு வந்த நாளை வராத நாள் என்று போட்டு, சண்டைக்கு வந்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டேன்.

உட்காரு என்றாராம். அந்த ஒரு சொல்லுக்கு என் தலைக்குள் இருக்கும் மேற்பார்வையாளர் இடம் கொடுக்கவில்லை. அவருடைய மேற்பார்வையாளர் என் கதைக்குக் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே ஹாலில், ஒரே மின்விசிறிக்குக் கீழே. பாடத்தில் இதற்குப் பெயர் இல்லை.

வாங்க: பால் பவுடர், பேனா ரீஃபில் (!), பாத்திரம் தேய்க்கிற நார்.

நவம்பர் 13, வியாழன்

லீவு. காலையில் ஆதார் மையம். டோக்கன், வரிசை, ரேகை பதியவில்லை, கையைத் துடைத்துத் துடைத்து ஆறு தடவை. ‘பாத்திரம் ரொம்ப தேய்க்கிறீங்களாம்மா?’ என்றாள் மெஷின் பெண். பழைய நம்பர் போய் என் நம்பர். பிறகு கேஸ் ஏஜென்சி. பாரம், கையெழுத்து. ஏஜென்சிக்காரர் என் எதிரிலேயே செ.வின் நம்பரை ஒரு கோடு போட்டு அடித்தார். அடிக்கும்போது நிறுத்துங்கள் என்று சொல்லத் தோன்றியது. பேசாமல் நின்றேன்.

மிச்சம் பி.எஃப். மட்டும். அதை மாற்ற அவர் போனுக்கு ஓர் ஓடிபி போகும். நாளை.

மாலை கஸ்தூரி அக்கா மீன் குழம்பு கொண்டுவந்தார்.

‘புது நம்பர் இன்னான்னு கேட்டியா?’

‘இல்லக்கா.’

‘ஏன், வாயில கொழுக்கட்ட வெச்சிருந்தியா?’

‘அவர் சொல்லலையே.’

‘அவுரு சொல்லல, நீ கேக்கல. நல்லா கீது ரெண்டு பேரு கதையும்! அவுரு ஓசூரு பூட்டா அப்பறம் எந்தக் கேஸ்காரன் வந்து சேத்து வெப்பான்?’

ஊரில் இருக்கும் செ.வின் அக்காவிடம் கேட்டால் நம்பர் கிடைக்கும். கேட்ட அரை மணியில் தென்காசி முழுக்கச் செய்தி போய்விடும், மருமகள் இறங்கி வந்துவிட்டாள் என்று. இறங்கி வருவதில் எனக்கு வருத்தம் இல்லை. அதைத் தென்காசி பார்க்கவேண்டாம்.

மீனில் முள் அதிகம். ருசி அபாரம்.

நவம்பர் 14, வெள்ளி

கரண்ட் இல்லை. மெழுகுவத்தியில் எழுதுகிறேன், மாலை ஏழு. எல்லாவற்றையும் எழுதிவிடவேண்டும்.

நாலரைக்கு ஆபீஸ் கம்ப்யூட்டரில் பி.எஃப். ஓடிபி கேட்டேன். இரண்டு, இரண்டு, இரண்டு. சரியாகப் போட்டேன், முதல் தடவையே. ‘ஆச்சா?’ ‘ஆச்சு.’ ‘எல்லாம் முடிஞ்சிதா?’ ‘முடிஞ்சிது.’ ‘சரி.’ ‘சரி.’ முடிந்தேவிட்டது.

கம்பெனி இருக்கிற தொழிற்பேட்டை, எஸ்டேட் ஸ்டாப்பில் பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது, எனவே நின்றவர்களின் பைகள் எல்லாம் என் மடியில். மூன்று டிபன் பை, ஒரு தையல் துணி மூட்டை, ஒரு ஹெல்மெட். பஸ் நகர்ந்ததும் மணி பார்த்தேன். ஐந்து இருபது. ஷிஃப்ட் முடிந்து ஐந்தரைக்கு போனை ஒப்படைப்பார். என் போனில் சார்ஜ் இரண்டு சதவீதம், நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்துத் தீர்த்திருந்தேன். கூப்பிட்டேன்.

‘இன்னும் என்ன பாக்கி?’

‘உங்க புது நம்பர்.’

எதற்கு என்று கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. ‘எழுதிக்கிடுதியா?’

‘சொல்லுங்க.’

சொன்னார். பத்து எண். இரண்டிரண்டாக, ஐந்து ஜோடி. மெதுவாக, நிறுத்தி, செவ்வாய்க்கிழமை போனில் ‘பக்கத்துல உக்காரு’ சொன்ன அதே குரலில். ஐந்தாவது ஜோடி முடிந்தது. ‘திருப்பிச் சொல்லு’ என்று ஆரம்பித்தார். போன் செத்தது.

கருப்புத் திரை. தலைக்குள் பத்து எண். பேனா பைக்குள், பை மூட்டைகளுக்கு அடியில், பேனாவுக்குள் ரீஃபில் இல்லை.

உதட்டை மூடிக்கொண்டு ஓட்ட ஆரம்பித்தேன். முதல் ஜோடியிலிருந்து ஐந்தாவது, மறுபடி முதல். ஐந்து கொத்து, ஐந்தும் நிற்கும், படித்தவள்தானே, பயப்படாதே. பக்கத்தில் ஒருத்தி, ‘அந்த நீலப் பை என்னுதுக்கா, கவுந்துடாம புடிச்சிக்கோங்க’ என்றாள். தலையாட்டினேன். ஓட்டினேன். கண்டக்டர் வந்தார்.

‘எங்கம்மா?’

கையால் முன்னால் காட்டினேன்.

‘எல்லா ஊரும் முன்னாலதான் கீது. வாயத் தொறந்து சொல்லும்மா.’

பத்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டு வாயைக் காட்டினேன். பஸ்ஸே பார்த்தது. ‘பேச வராதா, பாவம்’ என்றது ஒரு குரல். ‘எஸ்டேட்ல ஏறும்போது போன்ல நல்லாத்தான் பேசிகினு வந்துச்சு’ என்றது இன்னொன்று. கண்டக்டர் நகரவில்லை. ‘ஓசி டிக்கெட்டுதான், அதுக்கும் எடம் சொல்லணும்ல?’

‘ஆவடி!’ என்று கத்தினேன்.

ஒரே ஒரு சொல். போய்விட்டது. முதல் ஜோடி, இரண்டாவது, மூன்றாவதில் முதல் எண், பிறகு ஒரு ஓட்டை, பிறகு நாலாவது, ஐந்தாவது. நடுவில் ஒன்று இல்லை. நடுவில் வந்தது பாவம்.

ஹெல்மெட்டைக் கொடுத்திருந்த பெண்ணிடம் அழாக்குறையாக போனைக் கேட்டேன். மிச்ச ஒன்பதையும் அதில் அடித்தேன், என் நம்பருக்கே செய்தியாக அனுப்பச் சொன்னேன். எல்லாப் பாரத்திலும் எழுதி எழுதி மனப்பாடமான செ.வின் பழைய நம்பருக்கு அவள் போனிலிருந்தே கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மணி ஐந்து முப்பத்தாறு.

‘யாருக்கா அவரு?’ என்றாள் அந்தப் பெண்.

‘என் வீட்டுக்காரர்.’

‘வீட்டுக்காரர் நம்பரே தெரியாதா?’ என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய.

வீட்டுக்கு வந்தால் தெரு முழுக்கக் கரண்ட் இல்லை, மழைக்குக் கம்பி அறுந்ததாம். போன் இன்னும் செத்தபடி. வழியெல்லாம் ஓட்டிக்கொண்டே வந்த ஒன்பது எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதினேன், நடுவில் ஒரு கட்டம் விட்டு. நானாகப் பாதியில் வைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பாரோ. என் நம்பர் அவருக்கு மனப்பாடமாக இருக்குமா? யார் இப்போது நம்பரை மனதில் வைக்கிறார்கள். நானே என் புருஷனின் புது நம்பரை முழுசாக வைக்கவில்லை.

நவம்பர் 15, சனி

வெயில். காலை எட்டரைக்குக் கரண்ட். போனை மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். உயிர் வந்தது. செ.விடமிருந்து ஒன்றும் இல்லை.

விட்டுப்போனது ஓர் எண். பூஜ்யத்திலிருந்து ஒன்பதுக்குள். பத்துப் பேர். அதில் ஒருவர் என்னுடையவர். ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறேன். கஸ்தூரி அக்கா ஹாலில் வந்து உட்கார்ந்துகொண்டு வெங்காயம் உரிக்கிறார், எதற்கு என் வீட்டில் உரிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை.

0 – உபயோகத்தில் இல்லை.

1 – பெண். தூக்கத்தில் எழுப்பிவிட்டேன் போல. மன்னிப்பு.

2 – ஸ்விட்ச் ஆஃப். இதுதானோ? பக்கத்தில் கேள்விக்குறி.

3 – ‘மாமே, எங்க கீற? பூந்தமல்லி வந்துட்டியா?’ ராங் நம்பர் என்றேன். ‘பரவால்ல, நீ எங்க கீற?’ என்றான். வைத்தேன்.

4 – இந்தி. எனக்கும் புரியவில்லை, அவருக்கும் புரியவில்லை. இரண்டு பேரும் மரியாதையாகவே இருந்தோம்.

5 – வயதானவர். ‘செந்தில் இருக்காரா?’ ‘இருக்கானே, ஒரு நிமிஷம்மா.’ செருப்புச் சத்தம், கதவு, ‘டேய், உனக்குத்தான்.’ என் நெஞ்சு வெளியே வந்து விழுந்திருக்கும். ‘ஹலோ?’ வேறு செந்தில். இருபது வயது இருக்கும்.

அக்கா: ‘அழுவாத. இன்னும் நாலு கீது.’

6 – அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

7 – உபயோகத்தில் இல்லை.

8 – இரண்டாவது ரிங்கில் எடுத்தார். ‘ஹலோ’ என்று சொல்லக்கூட இல்லை, அதற்கு முன்னால் ஒரு சின்னக் கனைப்பு வரும், அது வந்தது.

‘நான்தான்’ என்றேன்.

‘கோமு.’ பின்னால் பஸ் ஹாரன், பெங்களூர் பெங்களூர் என்று கூவல். ‘நேத்தைக்குப் பாதியில போயிட்டு. நீயா வச்சிட்டியோன்னு...’

‘சார்ஜ் இல்ல. ஒரு நம்பர் விட்டுப்போச்சு. எட்டு நம்பர் அடிச்சுப் பாத்துட்டேன்.’

சிரித்தாரா, மூச்சா, தெரியவில்லை. பிறகு பழைய குரலில், ‘சரி, சொல்லு. எந்த ஓடிபி?’

‘ஓடிபி எதுவும் இல்லை.’

‘பிறவு?’

‘சும்மா கூப்பிட்டேன். உங்கட்டப் பேசணும்னு.’

அக்கா வெங்காயத்தை நிறுத்திவிட்டார்.

‘பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். ஓசூருக்கு ஒம்பதே முக்காலுக்கு வண்டி’ என்றார்.

மணி ஒன்பது இருபது.

‘அதுல போகாதீங்க. நான் வாரேன். உங்க பக்கத்துல செத்த நேரம் உக்காரணும் எனக்கு. அதுக்குப் பிறகு எந்த வண்டியில வேணும்னாலும் போங்க.’

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. போன் காட்டியிருக்கும், நான் பார்க்கவில்லை.

‘வா. நிக்கேன்’ என்றார்.

அக்கா கீழே ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். ஹாரன் மேல் ஹாரன். ‘அங்க இன்னாடி எழுதிகினு கீற? எறங்கி வா!’